சனி, ஞாயிறு விடுமுறை எடுக்கும் மாத்திரை!



சனி, ஞாயிறு வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுப்பாடத்தை ஞாயிறு ராத்திரிக்குத் தள்ளிவிட்டு விளையாடப் போய்விடுவீர்கள். நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். எனக்கும் அந்த இரண்டு நாட்கள் என்றால் ஆசைதான்!

சரி, ஒரு கேள்வி. வாரத்தில் ஐந்து நாள் வேலை பார்த்துவிட்டு, சனி, ஞாயிறு விடுமுறை எடுத்துக்கொள்ளும் மாத்திரை ஒன்று உண்டு. அது எது தெரியுமா?

அதன் பெயர் டிகாக்சின். இதய நோயாளிகள் சிலருக்கு டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரை. "திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று. சனி, ஞாயிறு வேண்டாம்" என்று நம் ஊர் டாக்டர்கள் பலர் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அது ஏன்? மாத்திரைக்கும் களைப்பு வருமா என்ன?

அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

கணக்கு இடித்தது!

1998ஆம் ஆண்டு, மே மாதம். என் அம்மாவுக்கு அப்போது 68 வயது. இதயம் பலவீனமாக இருந்ததால் இந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். நான் கோடைகால ஆசிரியர் பயிற்சிக்காக இரண்டு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. புதிதாக இரண்டு அட்டை மாத்திரை வாங்கி வைத்தேன். அட்டைக்குப் பத்து, மொத்தம் இருபது. "அம்மா, சனி, ஞாயிறு போடக்கூடாது, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன்.

இரண்டாவது ஞாயிறு திரும்பி வந்து பார்த்தால், அம்மா கட்டிலில் சுருண்டு கிடந்தார். "சோறே பிடிக்கலடி. வாந்தி வாந்தியா வருது. லைட்டைப் பார்த்தா மஞ்சளா தெரியுது" என்றார். நடுவில் நாலு நாள் வயிற்றுப்போக்கும் இருந்ததாம். வெயில் சூடு, வயசு, கண்ணில் புரை என்று நானாகவே காரணங்களைச் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் என் அண்ணன் குடும்பமும் விடுமுறைக்கு வந்திருந்தது. அண்ணன் மகள் நான்காம் வகுப்பு. துறுதுறுவென்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். அப்பத்தாவின் தலைமாட்டில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, நீங்க இருபது மாத்திரை வாங்கி வச்சீங்களா?"

"ஆமாம்."

"வாரத்துக்கு அஞ்சுன்னா, ரெண்டு வாரத்துக்குப் பத்து. மீதி பத்து இருக்கணும். ஆனா மூணுதான் இருக்கு. கணக்கு இடிக்குதே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து போக வேண்டிய இடத்தில் பதினேழு மாத்திரைகள் போயிருந்தன! அம்மாவிடம் கேட்டோம். சனி, ஞாயிறும் போட்டிருக்கிறார். களைப்பாக இருந்த நாட்களில், "நெஞ்சுக்கு நல்லதுதானே, ரெண்டு போட்டா சீக்கிரம் தெம்பு வரும்" என்று இரண்டாகவும் போட்டிருக்கிறார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 42 துடிப்புதான்! இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் என்னும் உப்பு குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்தி, குறைந்த உப்பைக் கொடுத்து, ஐந்து நாள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பிழைத்தார்.

"யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார் டாக்டர். நான் அண்ணன் மகளைக் காட்டினேன். அவர் அவளுக்குக் கை கொடுத்தார். நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்கு, ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது!

நரிக்குக் கையுறையா?

இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அந்த டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "டீச்சர், இது ஒரு செடியின் இலையிலிருந்து வருவது" என்றார். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஐரோப்பாவில் காட்டோரங்களிலும் மேடுகளிலும் வளரும் ஒரு செடி. முதல் வருடம் தரையோடு தரையாக இலைகள் மட்டும் விடும். இரண்டாம் வருடம் நடுவிலிருந்து ஒரு தண்டு உயரமாக எழும்பும். அதில் கொத்தாக மணி மணியாய்ப் பூக்கள் தொங்கும். ஊதா நிறம், உள்ளே புள்ளிகள். ஒவ்வொரு பூவும் விரலில் மாட்டிக்கொள்ளும் அளவில் இருக்கும்.

ஆங்கிலத்தில் இதை ஃபாக்ஸ்குளோவ் என்பார்கள். நரியின் கையுறை என்று பொருள்! ஜெர்மன் மொழியில் இதன் பெயருக்கு, தையல்காரர் விரலில் மாட்டும் விரல் கவசம் என்று அர்த்தம். அதை வைத்துத்தான் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1542ஆம் ஆண்டு இதற்கு டிஜிட்டாலிஸ் என்று லத்தீனில் பெயர் வைத்தார். லத்தீனில் டிஜிட்டஸ் என்றால் விரல். நீங்கள் தினமும் சொல்லும் டிஜிட்டல் என்ற வார்த்தையும் அதே விரலிலிருந்து பிறந்ததுதான். விரல் விட்டு எண்ணுகிறோம் அல்லவா? அதனால்தான்!

பார்க்க அழகான செடி. ஆனால் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. பூ விடாத பருவத்தில் இதன் இலை, காம்ஃப்ரே என்ற மூலிகையின் இலையைப் போலவே இருக்கும். அந்த மூலிகை என்று நினைத்து இதைப் பறித்துக் கொதிக்க வைத்துக் குடித்து ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பூவை வெறுத்தவர் பூவோடு வாழ்ந்தார்

இங்கிலாந்தில் 1741ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் விதரிங். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். வேடிக்கை என்னவென்றால், படிக்கும்போது அவருக்குத் தாவரவியல் பாடம் என்றாலே வேப்பங்காய்! பிறகு ஸ்டாஃபர்ட் என்ற ஊரில் டாக்டராக இருந்தபோது, ஹெலெனா என்ற பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். அந்தப் பெண் பூக்களை ஓவியமாக வரைபவர். அவருக்காகச் செடிகளைத் தேடிப் பறித்துக் கொண்டு போய்க் கொடுத்தார் விதரிங். அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். வெறுத்த தாவரவியல் பிடித்துப் போய்விட்டது. 1776ஆம் ஆண்டு பிரிட்டனின் தாவரங்களைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதிவிட்டார்! ஆகவே, இன்று உங்களுக்குப் பிடிக்காத பாடத்தை நாளைக்கும் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1775ஆம் ஆண்டு அவரிடம் ஒரு கேள்வி வந்தது. ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி வெகுகாலமாக ஒரு குடும்ப மருந்தை ரகசியமாக வைத்திருக்கிறார். கால் வீங்கி, வயிறு வீங்கி, மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்ட நோயாளிகள், பெரிய டாக்டர்கள் கைவிட்ட பிறகும், அந்த மருந்தில் சில சமயம் குணமாகிறார்களாம். "இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள்.

அந்த மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அதைக் குடித்தால் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். 'கிழவி வைத்தியம்' என்று விதரிங் ஒதுக்கித் தள்ளவில்லை. அப்படியே நம்பியும் விடவில்லை. ஒவ்வொரு மூலிகையாக யோசித்தார். செடிகளைப் பற்றித்தான் அவருக்கு நன்றாகத் தெரியுமே! வேலை செய்வது நரிக் கையுறைச் செடிதான் என்று கண்டுகொண்டார்.

அந்த மூதாட்டியின் பெயரை விதரிங் எழுதி வைக்கவில்லை. பின்னால் அவருக்கு 'மதர் ஹட்டன்' என்று ஒரு பெயர் பரவியது. அது 1928ஆம் ஆண்டு ஒரு மருந்து கம்பெனி விளம்பரத்துக்காகக் கற்பனையில் உண்டானது. பெயர் தெரியாவிட்டால் என்ன? உலகம் முழுவதும் எத்தனையோ இதயங்கள் அந்தப் பாட்டிக்குக் கடன்பட்டிருக்கின்றன.

பத்து வருடம் எழுதிய நோட்டு

செடியைக் கண்டுபிடித்துவிட்டார். உடனே புத்தகம் போட்டுவிட்டாரா? இல்லை. பத்து வருடம் காத்திருந்தார்!

முதலில் அவரும் தவறு செய்தார். அதிக அளவில், அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளிகளுக்கு வாந்தி, மயக்கம். பிறகு அளவைக் குறைத்தார். வெவ்வேறு மாதத்தில் பறித்த இலையின் வீரியம் வெவ்வேறாக இருப்பதைக் கவனித்தார். பூக்கும் பருவத்தில் பறித்து, காய வைத்து, பொடியாக்கி, நிறுத்துக் கொடுத்தார். நாடித் துடிப்பைப் பார்த்தார். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்த்தார். நாடி மிகவும் மெதுவானாலோ, குமட்டினாலோ, பேதியானாலோ உடனே நிறுத்திவிட வேண்டும் என்று விதி வகுத்தார்.

அப்போது இ.சி.ஜி. கிடையாது. டாக்டர்கள் கழுத்தில் போட்டிருக்கிறார்களே ஸ்டெதஸ்கோப், அதுகூட 1816இல்தான் வந்தது. கையும் கண்ணும் நோட்டுப் புத்தகமும்தான் அவருடைய கருவிகள்.

1785ஆம் ஆண்டு தம் புத்தகத்தை வெளியிட்டார். 150க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் அதில் இருந்தது. குணமானவர்களை மட்டுமா எழுதினார்? இல்லை. குணமாகாதவர்களையும், இறந்து போனவர்களையும், தான் அளவு தவறிக் கொடுத்ததையும் சேர்த்தே எழுதினார். தவறை மறைக்காமல் எழுதினால்தான் அடுத்தவர் அதே தவறைச் செய்யாமல் இருப்பார் அல்லவா? பர்மிங்ஹாமில் 1799இல் அவர் காலமானார். அங்குள்ள எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் அவருடைய நினைவுக் கல்லில் நரிக் கையுறைப் பூவைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இலைப் பொடியில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு செடியின் இலையில் மருந்து அதிகம் இருக்கும். இன்னொன்றில் குறைவாக இருக்கும். 1930ஆம் ஆண்டு சிட்னி ஸ்மித் என்ற ஆங்கில வேதியியல் அறிஞர், இதே குடும்பத்தைச் சேர்ந்த, இலையில் மெல்லிய ரோமம் உள்ள வேறொரு டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து மருந்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் டிகாக்சின். இன்றைக்கும் அந்தச் செடியைப் பயிர் செய்து, இலையிலிருந்துதான் மருந்தை எடுக்கிறார்கள்.

நாற்காலிப் போட்டி

சரி, இது இதயத்துக்குள் போய் என்ன செய்கிறது?

நம் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 4,320. ஒரு நாளைக்கு 1,03,680! ஒரு லட்சம் முறைக்கு மேல், லீவே இல்லாமல்! இதயத் தசை பலவீனமானால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாது. நீர் தேங்கிக் கால் வீங்கும். நுரையீரலில் தேங்கினால் மூச்சு வாங்கும்.

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் குட்டிக் குட்டி 'பம்பு'கள் இருக்கின்றன. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்வது அவற்றின் வேலை. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ 1957இல் இந்த பம்பைப் பற்றி எழுதினார். அதற்காக 1997இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

டிகாக்சின் போய் இந்த பம்புகளில் சிலவற்றில் உட்கார்ந்துகொள்ளும். பம்பு நிற்கும். உள்ளே சோடியம் சேரும். அதனால் கால்சியம் வெளியே போவது குறையும். கால்சியம்தான் தசையைச் சுருங்கச் செய்வது. ஆகவே இதயம் இன்னும் பலமாகச் சுருங்கும். அதோடு, தாறுமாறாக ஓடும் இதயத் துடிப்பை நரம்பின் வழியாக மெதுவாக்கவும் செய்யும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பம்பில் உட்கார டிகாக்சினும் பொட்டாசியமும் போட்டி போடுகின்றன. நீங்கள் விளையாடும் நாற்காலிப் போட்டி மாதிரிதான்! வாந்தி, பேதியாலோ, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்துபோனால், எல்லா நாற்காலிகளிலும் டிகாக்சின் ஏறிக்கொள்ளும். நேற்று வரை மருந்தாக இருந்த அதே அளவு, இன்று நஞ்சாகிவிடும். என் அம்மாவுக்கு நடந்தது இதுதான். அளவும் கூடியது; நாற்காலியும் காலியானது.

இன்னொன்று. இந்த மருந்து சிறுநீரகம் வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரம். எனவேதான், மேலும் மேலும் சேர்ந்துவிடாமல் இருக்க அந்தச் சனி, ஞாயிறு விடுமுறை. மாத்திரைக்குக் களைப்பு இல்லை குழந்தைகளே, நம் உடம்புக்குத்தான் அவகாசம் தேவை! ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி விடுமுறை இல்லை. சிலர் தினமும் குறைந்த அளவில் சாப்பிடுவார்கள். யாருக்கு எப்படி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கிராம் எவ்வளவு நாள் வரும்?

கணக்குப் போடுங்கள். ஒரு மாத்திரையில் 0.25 மில்லிகிராம் மருந்து. அப்படியானால் ஒரு கிராமில் எத்தனை மாத்திரை? நான்காயிரம்! வாரத்துக்கு ஐந்து என்றால் 800 வாரங்கள். அதாவது 15 வருடங்களுக்கு மேல்! கால் தேக்கரண்டி சர்க்கரை அளவுதான் ஒரு கிராம். அது ஒருவருக்குப் பதினைந்து வருட மருந்து. இதில் கொஞ்சம் கூடினாலும் என்ன ஆகும் என்று புரிகிறதா? காப்பாற்றும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறிய வரப்புதான்.

இப்படி ஆபத்தான மருந்து எதற்கு என்று கேட்கலாம். டாக்டர்களும் அதைக் கேட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 6,800 இதய நோயாளிகளை வைத்துப் பெரிய ஆராய்ச்சி செய்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. ஆனால் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதைக் குறைத்தது. இப்போது வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டதால், தேவைப்படும் சிலருக்கு மட்டும், முன்பைவிடக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள்.

நம் வேலியோரத்து உறவுக்காரன்

'அந்தச் செடி இங்கிலாந்தில்தானே இருக்கிறது, நமக்கென்ன?' என்று நினைக்காதீர்கள். அதே வகை நஞ்சு நம் வீட்டு வேலியோரத்திலும் இருக்கிறது. அதுதான் அரளி! செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி. செடியின் குடும்பம் வேறு; ஆனால் இதயத்தைத் தாக்கும் விதம் ஒன்று. நான்குவழிச் சாலைகளின் நடுவில் அரளி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு மாடுகூட அதை மேயாது!

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் பின்பக்கம் மஞ்சள் அரளி நின்றது. ஒருநாள் இடைவேளையில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மண் சோறு, இலைக் கூட்டு. ஒரு பெண், "டீச்சர், முந்திரிப் பருப்பு" என்று கையை நீட்டினாள். அரளிக் காயை உடைத்து எடுத்த பருப்பு! நல்லவேளை, யாரும் வாயில் வைக்கவில்லை. கையைக் கழுவ வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளிப்பூ சேர்க்கக்கூடாது என்று 2024 மே மாதம் உத்தரவிட்டது, இந்த நஞ்சை நினைத்துத்தான்.

இதற்கு மாற்று மருந்தும் உண்டு. ஆடு தந்த மருந்து! செம்மறியாட்டின் உடம்பில் டிகாக்சினுக்கு எதிரான பொருளை உண்டாக்கி, அதைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். ஊசி வழியாகப் போட்டால், ரத்தத்தில் உள்ள நஞ்சை ஓடிப் பிடித்துக்கொள்ளும். 1976இல் இது ஒரு நோயாளியைக் காப்பாற்றிய செய்தி வெளிவந்தது. மஞ்சள் அரளி நஞ்சுக்கும் இது பயன்படுகிறது என்று இலங்கையில் நடந்த ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டு காட்டியது. ஆனால் விலை மிக மிக அதிகம். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. எனவே, வருமுன் காப்பதே மேல்.

நினைவில் வையுங்கள்!

* தாத்தா, பாட்டியின் மாத்திரையை எடுத்து விளையாடாதீர்கள். தம்பி, தங்கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

* ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது என்று அவர்களிடம் சொல்லுங்கள். பயந்துகொண்டு தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. எதுவானாலும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

* இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பசி இல்லை, வாந்தி, மயக்கம், பார்வை மஞ்சளாகத் தெரிகிறது, நாடி 60க்குக் கீழே போகிறது என்றால், தாமதிக்காமல் பெரியவர்களிடம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

* பெயர் தெரியாத இலை, காய், விதை எதையும் வாயில் வைக்காதீர்கள். அரளியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தின்ற காயையோ இலையையோ ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

* திட்டுவார்களே என்று பயந்து மறைக்காதீர்கள். விதரிங் டாக்டரே தன் தவறை எழுதி வைத்தாரே!

காலண்டர் வைத்தியம்

கடைசியாக ஒன்று. அம்மா வீடு திரும்பியதும், என் அண்ணன் மகள் ஒரு வேலை செய்தாள். தினசரிக் காலண்டரை எடுத்து, சனி, ஞாயிறு தாள்களில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் பெரிய வட்டம் போட்டாள். "அப்பத்தா, காலையில தாளைக் கிழிச்சுட்டு மாத்திரை போடணும். தாள் கிழிஞ்சிருந்தா மாத்திரை போட்டாச்சுன்னு அர்த்தம். அடுத்த நாள் வரைக்கும் அட்டையைத் தொடக்கூடாது. சிவப்பு வட்டம் இருந்தா மாத்திரைக்கு லீவு" என்றாள்.

அம்மா அதன் பிறகு ஏழு வருடம் இருந்தார். ஒருநாள்கூடக் கணக்கு இடிக்கவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தச் செடியோ நஞ்சாகப் பிறந்து, அளவு தெரிந்தவர் கையில் அமிர்தமானது. அந்த அளவைக் காப்பாற்றுவது டாக்டரின் வேலை மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும் உங்கள் வேலையும்தான்.

இன்று சாயந்திரம் உங்கள் தாத்தா, பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் மணிக்கட்டில் இரண்டு விரலை மெதுவாக வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பிறகு, "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று கேளுங்கள். அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பைப் பாருங்கள்.

வரட்டுமா குழந்தைகளே!